அன்னக்கொடி பேசிய படம்

டைரக்டர் மணவாளன் கொடிக்காப்பட்டிக்குப் படமெடுக்க வருகிறார் என்ற செய்தி பரவியதும், கதாநாயகி யார் என்றுதான் ஊர் முதலில் கேட்டது. கதாநாயகி கிடையாது, பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, ஊரில் இருக்கிறவர்களையே பிடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பாதிப் பேருக்கு ஆசை விட்டுப்போயிற்று. மீதிப் பேர் சவரம் செய்துகொண்டார்கள்.

எண்பத்தாறாம் வருஷம். உசிலம்பட்டிக்கு மேற்கே வானத்தைப் பார்த்து விதைக்கிற பூமி அது. மணவாளனோ மதுரைத் தியேட்டர்களில் படத்தை நூறு நாள் ஓட்டிப் பழகியவர். சினிமா போதும், இனி டெலிவிஷனில்தான் உண்மையைச் சொல்ல முடியும் என்று அவருக்குத் திடீரென்று தோன்றியிருந்தது. வாரம் ஒரு கிராமம் என்று ஒரு தொடர். முதல் வாரத்தை மட்டும் எடுத்து டில்லிக்குக் காட்ட வேண்டும். டில்லிக்கும் விளம்பரம் கொடுக்கிற கம்பெனிக்கும் பிடித்தால்தான் மற்றதை எடுக்கலாம்.

"இதுக்குப் பேரு பைலட்" என்று உதவி டைரக்டர் சுடலை டீக்கடையில் விளக்கினான்.

"பைலட்டுன்னா பிளேன் ஓட்டுறவருல்ல?" என்றார் டீக்கடை மருது.

"இதுவும் மேல ஏறினாத்தாண்ணே பறக்கும்" என்றான் சுடலை. அவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பத்து வருஷமாக மணவாளனோடு இருந்து, எதையும் பெரிதாக நம்பாத முகம் அவனுக்கு வந்திருந்தது.

மணவாளனின் கார் ஊருக்குள் நுழைந்தபோது முதல் மாலையைப் போட்டவர் காசிமாயன். ஊரிலேயே பெரிய சம்சாரி, அறுபது வயது. அந்த வருஷத் தொடக்கத்தில் பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நின்று தோற்றுப்போயிருந்தார். ஜெயித்த தலைவர் சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள், படக்குழு காசிமாயன் வீட்டு மாடியில் பெட்டிகளை இறக்கியாகிவிட்டது. தலைவர் பதவியைவிட இது எவ்வளவோ மேல் என்று காசிமாயனுக்கு அன்றே பட்டது. பதவி பஞ்சாயத்து எல்லையோடு சரி. டெலிவிஷன் இந்தியா முழுக்கத் தெரியும்.

அன்னக்கொடி கூட்டத்தின் கடைசியில் நின்றாள். காசிமாயனின் அண்ணன் மகன் கருத்தக்கண்ணனைக் கட்டியவள். கணவன் மதுரையில் வாடகை வேன் ஓட்டினான். லீவு கிடைக்கிறபோது வருவான். அந்த வேன்தான் வினையாகப் போயிற்று. தேர்தல் சமயத்தில் காசிமாயனை எதிர்த்து நின்றவர் மைக் செட் கட்ட வாடகைக்கு எடுத்த வேன் அவன் ஓட்டிய வேனாக அமைந்துவிட்டது. "நான் டிரைவர் சித்தப்பா, சொன்ன எடத்துக்கு ஓட்டுறேன்" என்று கருத்தக்கண்ணன் சொல்லிப் பார்த்தான். காசிமாயன் காதில் ஏறவில்லை. சொந்த அண்ணன் மகன் ஓட்டிய வண்டியிலிருந்தே எதிராளிக்கு ஓட்டுக் கேட்டதை அவரால் சீரணிக்க முடியவில்லை.

தேர்தல் முடிவு வந்த வாரமே, தன் புஞ்சை ஓரமாக அன்னக்கொடியின் காட்டுக்குப் போகிற வண்டிப்பாதையை உழுது ஆமணக்கு விதைத்தார். பாதை தொடங்குகிற இடத்தில் முள்ளடைப்பும் வைத்தார். அன்றிலிருந்து அன்னக்கொடி எருவானாலும் விதையானாலும் ஓடைக்குள் இறங்கி ஏறிச் சுற்றிக்கொண்டு தலையில்தான் சுமந்தாள். கழுத்து நரம்பு பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பவே முடியாமல் போனது. கணவனிடம் சொன்னால், "சித்தப்பாகிட்ட எதுக்கு வம்பு? தானா எறங்கி வருவாரு" என்றான். மதுரையில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

"உள்ளத உள்ளபடி எடுக்கணும், எதையும் மாத்தக்கூடாது" என்று மணவாளன் முதல் நாளே எல்லோரையும் கூட்டிச் சொன்னார். பிறகு காசிமாயனின் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். பிளாஸ்டிக் குடங்களை வீட்டுக்குள் வைக்கச் சொன்னார். டிராக்டரை வைக்கோல் படப்புக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார்.

"டிராக்டர் இல்லாம என்னைய எவன் சம்சாரின்னு நம்புவான்?" என்று காசிமாயன் கேட்டார்.

"ஏர் ஓட்டுங்க ஐயா. ஏர்ல ஒரு உண்மை இருக்கு."

ஏரும் மாடும் கருப்பு என்பவனிடம் இரவல் வாங்கப்பட்டன. காசிமாயன் கலப்பை பிடித்துப் பல வருஷமாயிற்று. மாடுகளுக்கும் அது தெரிந்திருந்தது. அவரை இழுத்துக்கொண்டு அவை கேமராவுக்கு எதிர்த்திசையில் போயின. உழுது முடித்தபின் அவர் கட்டிலில் உட்கார்ந்து தன் வம்ச வரலாற்றைச் சொன்னார். இடையில் வேட்டியை ஒதுக்கி, முழங்காலுக்கு மேலிருந்த நீளமான தழும்பைக் காட்டினார். "அலங்காநல்லூர் வாடியில ஒரு மயிலைக் காளை குத்துனது. குடல் தப்புச்சு. விட்டனா நான்? திமிலப் பிடிச்சுத் தொங்கிட்டேன்." மணவாளன் தலையை ஆட்டினார். கூட்டத்தில் நின்ற அன்னக்கொடி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். காசிமாயன் அதைக் கவனித்தார்.

மறுநாள் மணவாளன் ஓடைக்கரையில் வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தபோது, எருக்கூடையோடு ஒரு பெண் கரையேறி வருவதைக் கண்டார். பின்னால் வெயில் சாய்ந்திருந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சுடலை, பாருய்யா. என்ன ஒரு அழகு."

அன்னக்கொடியைத் திரும்ப இறங்கி ஏறி வரச் சொன்னார்கள். வந்தாள். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடியும் அனுப்பினார்கள். கேமராவை இடம் மாற்றிவிட்டு இன்னொரு தடவை. கூடையில் எரு குறைந்திருப்பதாகச் சொல்லி நிரப்பி ஏற்றிவிட்டார்கள். கடைசியில் அவள் கூடையை மணவாளனின் காலடியில் இறக்கி வைத்தாள்.

"எதச் சார் அழகுங்கறீக? வண்டிப்பாதைய முள்ளு வச்சு அடைச்சதாலதான் நான் இப்படிச் சுத்தி வாரேன். பாதை கெடந்தா வண்டியில போட்டுட்டுப் போயிருவேன். இந்த அழகுக்கு எங்கழுத்து போச்சு."

மணவாளன் அவளை உற்றுப் பார்த்தார். "இதையே சொல்லும்மா. கேமராவப் பாத்துச் சொல்லு."

சுடலை காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கம்பு நுனியில் கட்டிய மைக்கை நீட்டினான். அவ்வளவு நாளும் கணவனிடமும் மாட்டிடமும் சொல்லித் தீராததை அன்னக்கொடி அந்தக் கம்பு நுனியிடம் சொன்னாள். தேர்தலைச் சொன்னாள். வேனைச் சொன்னாள். பங்குக் கிணற்றில் தன் முறைக்கு வர வேண்டிய தண்ணீரை வயலுக்கு வரும் முன்பே மடைமாற்றுவதைச் சொன்னாள். பேர் சொல்லியே சொன்னாள். பேசப் பேச அவளுக்கே தன் பேச்சு பிடித்துப்போயிற்று. பிலிம் தீர்ந்து கேமரா நின்ற பிறகும் நிறுத்தவில்லை. சுடலை மட்டும் மைக்கை எடுக்காமல் அவள் முடிக்கிறவரை நின்றான்.

படக்குழுவுக்குக் கிடாக்கறி வெந்துகொண்டிருந்த அடுப்புப் பக்கம் காசிமாயன் நின்றார். அவருக்கு அங்கிருந்து குரல் கேட்கவில்லை. அவள் கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை அவர் புஞ்சையைக் காட்டியது. பிறகு அவர் வீட்டைக் காட்டியது. பிறகு அவரையே காட்டியது.

படக்குழு கிளம்பிப் போனதும் காசிமாயன் ஊரின் முதல் டெலிவிஷன் பெட்டியை வாங்கினார். பனைமர உயரத்துக்குக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டினார்கள். படம் மழையில் நனைந்த மாதிரி தெரிந்தது. ஊரே அவர் வாசலில் உட்கார்ந்து, ஒரு சொல் புரியாவிட்டாலும், இந்தியில் செய்திகளும் நாடகங்களும் பார்க்கத் தொடங்கியது. எந்த நேரத்திலும் நம் ஊர் வந்துவிடலாம் என்பதால் யாரும் எழுந்து போகவில்லை.

காசிமாயனுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அவருடைய மனைவி சோலையம்மாள் ஒரு நாள் கறிக்குழம்புச் சட்டியோடு அன்னக்கொடி வீட்டுக்கு வந்தாள். தேர்தலுக்குப் பிறகு அந்த வாசற்படியை மிதிக்காதவள். குழம்பை வைத்துவிட்டு, கோழி, மழை, தங்கச்சி மகள் கல்யாணம் என்று சுற்றி வந்து கேட்டாள்.

"ஏத்தா, அன்னைக்கு அந்தப் பொட்டிக்காரங்ககிட்ட அம்புட்டு நேரம் என்னத்தப் பேசுன?"

"டிவியில வரும்ல அத்த, பாருங்க."

"சும்மா சொல்லு. ஒங்க சின்ன மாமா தூங்க மாட்டேங்கறாரு."

"எல்லாத்தையுந்தான் பேசுனேன்" என்றாள் அன்னக்கொடி.

அந்த 'எல்லாம்' என்ற சொல் குழம்புச் சட்டியோடு திரும்பிப் போனது. இரண்டு நாள் கழித்து அன்னக்கொடி எருக்கூடையோடு கிளம்பியபோது, முள்ளடைப்பைக் காணோம். ஆமணக்குச் செடிகளைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். காசிமாயனின் ஆள் சங்கிலி, "வண்டி கட்டிட்டுப் போங்கக்கா, ஐயா சொன்னாக" என்றான். அந்த வாரம் கிணற்று முறையும் சரியாக வந்தது. கோயில் பொங்கலுக்கு முதல் பங்கு அவள் வீட்டுக்கு வந்தது. வழியில் பார்த்தால், "என்னத்தா, மேலுக்கு சொகமா?" என்று காசிமாயனே நின்று கேட்டார்.

லீவில் வந்த கருத்தக்கண்ணன், "நான் அப்பவே சொன்னேன்ல, தானா எறங்கி வருவாருன்னு" என்றான். அன்னக்கொடி வண்டியைக் கட்டினாள்.

மாசங்கள் போயின. படம் வரவில்லை. சோளம் அறுத்து, பருத்தியும் எடுத்தாகிவிட்டது. டீக்கடையில் கேலி தொடங்கியது. அப்போதுதான் மணவாளன் வேறொரு படத்துக்கு மதுரை வந்திருப்பதாகவும், கே.கே. நகரில் ஒரு டாக்டர் வீட்டில் தங்கியிருப்பதாகவும் பேப்பரில் வந்தது. காசிமாயன் அன்னக்கொடி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வருவமாத்தா? நீயும் வா. நீதான நெறையப் பேசுன."

அவளுக்கும் ஆசை இருந்தது. தான் பேசியதைத் தானே ஒருமுறை கேட்க வேண்டும். பெட்டியிலிருந்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டர் வீட்டில் மணவாளன் அவர்களை அன்பாகத்தான் வரவேற்றார். காசிமாயனின் பெயர் அவருக்கு நினைவில்லை. அன்னக்கொடியைப் பார்த்ததும், "அந்த ஓடைக்கரை!" என்றார். எப்போது வரும் என்று காசிமாயன் கேட்டதற்கு, "டில்லியில முடிவு பண்ணிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு வீடியோ கேசட்டைப் போடச் சொன்னார்.

படம் புல்லாங்குழலோடு தொடங்கியது. ஓடை, ஒற்றைப் பனை, காய்ந்த பூமி. கனமான ஒரு ஆண்குரல் இந்தியில் பேசியது. ஏர் உழுகிற காட்சி வந்தது. தூரத்தில், மாடுகளுக்குப் பின்னால், ஒரு முதுகு. காசிமாயன் நாற்காலி நுனிக்கு வந்தார். முதுகு திரும்புவதற்குள் காட்சி மாறிவிட்டது. வம்ச வரலாறு இல்லை, கட்டில் இல்லை, தழும்பு இல்லை. அவர் கொஞ்ச நேரம் அந்த முதுகு மறுபடி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அன்னக்கொடி வந்தாள். கரை ஏறி ஏறி வந்தாள். அவள் முகம் பெட்டி முழுக்க நிறைந்தது. வாய் அசைந்தது. கை நீண்டது. ஆனால் கேட்டது அவள் குரல் அல்ல. புல்லாங்குழலும் அந்த ஆண்குரலும்தான். அவள் வாய் அசைந்துகொண்டே இருக்க, அவன் நிதானமாக, உருக்கமாக இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டே போனான். படம் முடிந்துவிட்டது.

"அது என்ன சொல்றாரு?" என்று காசிமாயன் கேட்டார்.

"அந்தம்மா சொன்னதோட சாரம்" என்றார் மணவாளன். அதற்குள் யாரோ தயாரிப்பாளர் வந்துவிட, எழுந்து போனார்.

காசிமாயன் பாத்ரூம் கேட்டு உள்ளே போன நேரத்தில், அன்னக்கொடி வெளிவாசலில் நின்ற சுடலையிடம் போனாள்.

"தம்பி, எங்குரலு எங்க?"

சுடலை வாசல் கேட்டுக்கு வெளியே போகிற ஸ்கூட்டர்களைப் பார்த்தான். "வெட்டி எடுத்துட்டோம்க்கா."

"அந்த ஆளு என்ன சொல்றான்?"

"இந்த மண்ணோட பொண்ணுங்க பேசுறதில்ல, அவங்க மௌனத்துலதான் பூமியோட பொறுமை இருக்குன்னு."

அன்னக்கொடிக்கு அது புரிய ஒரு கணம் பிடித்தது. "நான் பேசிக்கிட்டு இருக்கேனே தம்பி. வாயி ஆடுதே."

"ஆமாக்கா. நானும் சொன்னேன். பாட்டுப் பாடுற மாதிரி இருக்கு, விடுய்யான்னுட்டாரு."

"டில்லியில?"

"ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. சோப்புக் கம்பெனிக்காரன், பச்சையா வயல் இல்ல, ஒருத்தர்கூட சிரிக்கலங்கறான். இனி யாரும் வாங்க மாட்டாங்க. அவருக்கு மனசு ஆறல, அதான் முடிவு பண்ணுறாங்கன்னு சொல்லிட்டிருக்காரு."

"நான் பேசுன டேப்பு இருக்கும்ல?"

"அதுமேல இப்ப எடுக்குற படத்துக்கு நாதஸ்வரம் பதிஞ்சாச்சுக்கா" என்றான் சுடலை. அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உசிலம்பட்டி பஸ்ஸில் கூட்டம் இல்லை. காசிமாயன் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தார். அன்னக்கொடி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். செக்கானூரணி தாண்டியது. சும்மா இருந்தால் பாதை கிடக்கும், தண்ணீர் வரும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் 'பேசுறதில்ல' என்று அந்த ஆண்குரல் சொன்னது மிளகாய் மாதிரி உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

"மாமா, நான் என்ன பேசுனேன்னு சொல்லவா?"

காசிமாயன் கையெடுத்து மறித்தார். "பஸ்ஸுல வேணாம்த்தா."

அவள் சொன்னாள். ஓடைக்கரையில் சொன்னதை, அதே வரிசையில், குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். தேர்தல், வேன், ஆமணக்கு, முள், தண்ணீர், கழுத்து. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆள் மெல்லுவதை நிறுத்திக் கேட்டான். கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் நின்றார். சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. காசிமாயன் என்ன செய்வார் என்று காத்திருந்தாள்.

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தானாவா?"

"இல்லத்தா, நான் வேற நெனச்சேன்." அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, அவள் பக்கம் குனிந்து, குரலைத் தணித்தார். "தழும்பச் சொல்லிட்டயோன்னு."

அன்னக்கொடிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அவள் கல்யாணமாகி வந்த வருஷம். சந்தையிலிருந்து சைக்கிளில் வந்த காசிமாயன், வழியில் படுத்திருந்த பன்றி மேல் ஏற்றி, முள்வேலிக்குள் விழுந்து தொடையைக் கிழித்துக்கொண்டு வந்தார். குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துக் கட்டியது புதுப்பெண்ணாக வந்த அவள்தான். அதற்கப்புறம் காளை எப்போது வந்தது, எப்படி மயிலைக் காளையானது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

"அதுக்காகவா பாதையத் தொறந்துவிட்டீக?"

"பின்ன? இந்தியா பூராம் பாக்குமே. பன்னின்னு சொல்லிட்டன்னா நான் எங்க போயி மூஞ்சிய வைக்க?"

"அப்ப பாதை?"

"பாதையில என்னத்தா இருக்கு?" என்றார் காசிமாயன், நிஜமான ஆச்சரியத்தோடு. "ஏதோ ஒரு கோவம். அது அப்பவே போயிருச்சு. முள்ள எடுக்கணும்னு தோணல, அம்புட்டுத்தான்."

அன்னக்கொடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாகுபடி முழுக்கத் தலையில் சுமந்தது அவருக்கு நினைவில்கூட இல்லாமல் இருந்திருக்கிறது. அழுகை வரும் போலிருந்தது; வந்ததோ சிரிப்பு. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்த பிறகுதான் நின்றது.

"அந்தப் படம் வராது மாமா. ஒருத்தரும் வாங்கலயாம். அந்தத் தம்பி சொன்னாரு."

அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். காசிமாயனின் முகம் தொங்கிப்போயிற்று. பஸ் நின்று ஆள் இறங்கி, மறுபடி கிளம்பியது.

"முதுகாவது வரும்னு பாத்தேன்" என்றார். பிறகு, "ஊர்ல சொல்லிராதத்தா. டிவிப் பொட்டியெல்லாம் வாங்கி வச்சுட்டேன்."

"நான் எதுக்குச் சொல்றேன். பாதை அப்படியே கெடக்கட்டும்."

"கெடக்கட்டும், கெடக்கட்டும். அத யாரு கேட்டா."

ஊர் போய்ச் சேர்ந்ததும் மருது கேட்டார். "அடுத்த மாசம்" என்றார் காசிமாயன். "இந்தியில பேசுறாக, நல்லா வந்திருக்கு" என்றாள் அன்னக்கொடி. தேர்தலுக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே பேச்சாகப் பேசியது அன்றுதான். அதற்கப்புறம் அடுத்த மாசம் தீபாவளிக்குப் போயிற்று, தீபாவளி பொங்கலுக்குப் போயிற்று. ஊரும் மெதுவாகக் கேட்பதை விட்டது.

விட்டது என்றுதான் அன்னக்கொடி நினைத்திருந்தாள். அடுத்த கோடையில் ஒரு நாள் அவள் வண்டியில் எரு ஏற்றிக்கொண்டு போகும்போது, திண்டுக்கல் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகிற பேயாண்டி வழிமறித்தான். நம் ஊர்ப் படம் டிவியில் வந்ததாம். திண்டுக்கல்லில் ஒரு ரேடியோக் கடை வாசலில் நின்று அவனே பார்த்தானாம். இங்கே அன்றைக்குக் கரண்டு இல்லாததால் யாருக்கும் தெரியவில்லையாம். மருதுவின் மச்சினனும் தேனியில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறான்.

"என்னமா பேசியிருக்கீகக்கா. ரேசன் கடைக்காரன ஒரு பிடி பிடிச்சீக பாருங்க. அப்புறம் அந்த பஸ்ஸு நிக்காமப் போறது. மந்திரிய நேராவே கேட்டுட்டீக. கடை வாசல்ல அம்புட்டுப் பேரும் கை தட்டுனாங்க."

அன்னக்கொடி மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தினாள். கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்தாள்.

"அப்புறம் என்ன சொன்னேன்?" என்று கேட்டாள்.